வாட்ஸைப் பார்த்து புளோயர் வாங்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆறேழு மாதம் கழித்து என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், சி.பி.யு. பெட்டி இரைச்சல் போடுகிறதே, ஏன்?" என்பதுதான். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "கார் கழுவியபின் காயவைக்க நல்ல பவர் உள்ள புளோயர் ஒன்று வாங்கப் போகிறேன். அதையே கம்ப்யூட்டர் தூசிக்கும் வைத்துக்கொள்ளலாமா?"

வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. ஆனால் கடையில் போய், "இருப்பதிலேயே பவர் அதிகமானதைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால் பணம் வீணாகலாம். கம்ப்யூட்டரும் கெட்டுப் போகலாம். எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் காற்று

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆடி மாதத்தில் ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மேஜை மேல் மண் படியும். அதே மண் கம்ப்யூட்டருக்குள்ளும் போகும்.

பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையில் தூசி அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. விசிறி வேகமாகச் சுற்றும். அப்படியும் சூடு குறையாவிட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசியில் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிவிடும். இதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்து, விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள் பலர். தூசியைத் தட்டியிருந்தால் போதும்.

காருக்கும் இதே கதைதான். போடிமெட்டு, குமுளி மலைப்பாதையில் போய்வந்த வண்டியில் மண் ஒட்டியிருக்கும். கழுவியபின் மிச்சமிருக்கும் துகளோடு துணியால் தேய்த்தால் பெயின்ட்டில் மெல்லிய கீறல் விழும். துடைக்காமல் விட்டால் போர் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் அவை. அதனால் காற்றடித்துக் காயவைப்பது நல்ல முறையே.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் எனக்குப் புளோயர் கிடையாது. காரை வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது, கையோடு வீட்டுக் கம்ப்யூட்டரையும் கொண்டுபோனேன். "தம்பி, இதுக்கும் கொஞ்சம் காத்தடிச்சு விடு" என்று கேட்டு, நானே துப்பாக்கியை வாங்கி அடித்தேன். ஒரே நிமிடத்தில் பெட்டி பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் வந்து ஸ்விட்சைப் போட்டதும் கருகிய வாடை. மதர்போர்டு போய்விட்டது. மகளின் கல்லூரி புராஜெக்ட் அதில்தான் இருந்தது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் வரை வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நல்ல வேளை, டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைக்காரர் மேல் தவறில்லை. அது டயருக்கும் வண்டிக்கும் வைத்திருக்கும் கம்ப்ரசர். காற்றை அழுத்தித் தொட்டியில் அடைக்கும்போது அதிலுள்ள ஈரப்பதம் ஆறி, தண்ணீராக அடியில் தங்கும். பிஸ்டனுக்கு விடும் ஆயிலும் கொஞ்சம் கலந்து வரும். வடிகட்டி இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சாரலாக வெளியே வரும். காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மதர்போர்டுக்கு எமன்.

கையில் பிடிக்கும் மின்சார புளோயரில் இந்தத் தொல்லை இல்லை. சுற்றியுள்ள காற்றை இழுத்து அப்படியே தள்ளுகிறது. சேமித்து வைப்பதில்லை என்பதால் தண்ணீர் சேராது. அதனால் கம்ப்ரசர் வேண்டாம், புளோயர் போதும் என்கிறேன்.

திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மிஸ்ட் புளோயர் வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். குழாயில் ஒட்டியிருக்கும் மருந்து காரிலும் கீபோர்டிலும் படியும். அதே கீபோர்டில்தான் குழந்தைகள் கை வைப்பார்கள்.

அட்டையில் எதைப் பார்ப்பது?

வாட்ஸ் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு. எவ்வளவு காற்று வருகிறது என்பது வேறு கணக்கு. அதற்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று காற்றின் அளவு. நிமிடத்துக்கு இத்தனை கனமீட்டர் என்றோ, சி.எஃப்.எம். என்று கன அடியிலோ போட்டிருப்பார்கள். ஒரு கனமீட்டர் சுமார் 35 கன அடி. 100 சி.எஃப்.எம். என்று பெரிதாகத் தெரிவது உண்மையில் 2.8 கனமீட்டர்தான். இரண்டாவது காற்றின் வேகம். விநாடிக்கு 50 மீட்டர் என்பதும் மணிக்கு 180 கிலோமீட்டர் என்பதும் ஒன்றே.

இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கார் காயும். வாயைச் சிறிதாக்கினால் வேகம் கூடும், ஆனால் கோடு போட்டதுபோல் ஒரு இடத்தில் மட்டுமே தண்ணீர் ஓடும். பானட் முழுவதும் காய்வதற்குள் கை வலித்துவிடும். என் அனுபவத்தில் நிமிடத்துக்கு 3 கனமீட்டருக்குக் குறையாமல் இருப்பது காருக்கு நல்லது. வாட்ஸை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, மற்ற எண்களைப் போடாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

அடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் அவசியம். காருக்கு முழு வேகம், கம்ப்யூட்டருக்குக் குறைந்த வேகம். இது இல்லாத புளோயர் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சூடான காற்று வரும் ஹாட் ஏர் கன்னையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெயின்ட் உரிக்கும் கருவி.

பேட்டரியில் ஓடும் புளோயர் ஒயர் தொல்லை இல்லாமல் சௌகரியம்தான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 72 வாட்-ஹவர். 500 வாட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்பது நிமிடம்கூட வராது. பைக்குக்குப் போதும். காருக்கு இரண்டாவது பேட்டரி வேண்டும்.

யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள்!

கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது யு.பி.எஸ். பிளக்தான். பலர் புளோயரை அதிலேயே செருகுகிறார்கள். வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 600, 800 வாட் புளோயரைச் செருகினால் அது கத்தி, ஆஃப் ஆகிவிடும். சேர்ந்தே பழுதாகவும் கூடும். சுவரில் உள்ள பிளக்கில் மட்டும் செருகுங்கள். 6 ஆம்ப் பிளக் சுமார் 1,380 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் 16 ஆம்ப் பிளக் வேண்டும்.

பயன்படுத்தும் முறை

காரை நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து கீழ்நோக்கி அடித்து வாருங்கள். கடைசியில் கண்ணாடி இடுக்கு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் ஓரம். துணி போகாத இந்த இடங்களில்தான் புளோயரின் அருமை தெரியும். புளோயரை மண் தரையில் வைத்து ஓட்டாதீர்கள். மண்ணை உறிஞ்சி பெயின்ட் மேலேயே அடிக்கும். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடவும் வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு வரும்போது, முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். பெட்டியை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோங்கள். விசிறிகளை விரலாலோ பென்சிலாலோ பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். சுற்றும் மோட்டார் மின்சாரத்தையும் உண்டாக்கும். வாயை அரை அடிக்குமேல் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். வேகமாகப் போகும் தூசிக் காற்றால் பிளாஸ்டிக் வாயில் நிலைமின்சாரம் சேரும். அது போர்டைத் தொடக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காமல் வெளித் துளை வழியாகவே ஊதுங்கள். மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்வது உங்களுக்கு நல்லது.

கடைசியாக ஒன்று. கார் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு பெரிய புளோயர் வாங்க ஓட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றால் ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும், வேகத்தைக் குறைக்க முடிகிற ஒரு சின்ன புளோயரும் தாராளம். கார் இருக்கிறதென்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று வாங்குங்கள். கடைக்காரர் எத்தனை வாட்ஸ் என்று சொல்ல ஆரம்பித்ததும், "காற்று எவ்வளவு வரும், வேகத்தைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.