நோவைப் பொறுத்தல் அறமாகுமோ?

பொறுமை மாந்தர்க்கு அணிகலமென்பதை யாரே மறுப்பர்? ஆயினும் இடமறியாது அதனைப் புகழ்வதனால் விளையுந் தீங்கு சிறிதன்று என்பது நம் துணிபு. வயிற்றில் இரணசிகிச்சை செய்யப்பெற்றுக் கட்டிலிற் கிடப்பவர் முனகினால், "சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள், அறுத்த இடம் வலியாதிருக்குமோ?" என்பது நம் வீடுகளில் வழக்கம். நோவை வெளியிடாதவரைத் திடசித்தரென்று மெச்சுகின்றோம். அம்மெச்சுதல் அவருக்கு நன்மை செய்கின்றதா என்று ஆராய்வோமாக.

மேல்வயிற்றைக் கீறித் தைத்தபின் ஆழ்ந்து மூச்சிழுத்தலும் இருமுதலும் கொடிய நோவைத் தரும். ஆதலின் நோயாளி மேலோட்டமாகவே மூச்சுவிடுகிறார், இருமலை அடக்குகிறார். அதனால் நுரையீரலின் அடிப்பாகம் விரியாது சுருங்குகிறது, கோழை தேங்குகிறது, நுரையீரல் அழற்சியும் தோன்றக்கூடும். எழுந்து நடவாமையாற் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதலும் உண்டு. பொறுமையென்று நாம் போற்றியதே உள்ளே பிணிக்கு வித்தாகின்றது.

நோவை நீக்குவதற்குத் தடை சொல்லுதல் புதிதன்று. 1847-இல் எடின்பரோ நகரில் சிம்சன் என்னும் வைத்தியர் பிரசவ நோவுக்குக் குளோரோபாரம் அளித்தபோது, அந்நோவு இயற்கையின் விதியென்று வாதித்தோர் இருந்தனர். 1853-இல் விக்டோரியா மகாராணியார் தாமே பிரசவத்தில் அதனை ஏற்றமை அவ்வாதத்தைத் தளர்த்திற்று.

வயிற்றுச் சிகிச்சைக்குப்பின் நோவைத் தணிக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று எபிடூரல் முறை. 1921-இல் பிதேல் பாகேஸ் என்னும் ஸ்பானிய இராணுவ வைத்தியர் இம்முறையை விளக்கி எழுதினார். 1923-இல் மோட்டார் விபத்தில் மாண்டமையால், அது உலகெங்கும் பரவியதைக் கண்டாரில்லை. இக்காலத்தில் முதுகெலும்புகளினிடையே ஊசி செலுத்தி, நரம்பு வடத்தைப் போர்த்துள்ள தடித்த சவ்வுக்குப் புறத்தே மெல்லிய குழாயொன்றை வைத்து, அதன் வழியே புபிவாக்கெயின் போன்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துகின்றனர். நோயாளி விழித்திருக்கிறார், பேசுகிறார், துணிந்து இருமுகிறார்.

இம்முறையைக் குறையற்றதென்று கூறோம். இரத்த அழுத்தம் தாழ்தல், கால் தளர்தல், சிறுநீர் தடைப்படுதல் ஆகியன உண்டு. அரிதாக முதுகினுள் இரத்தமேனும் சீழேனும் கட்டுதலும் நேரும். ஆதலின் இரவும் பகலும் நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் இன்றியமையாதவர். 2002-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இம்முறையால் நோவும் மூச்சுத் தளர்ச்சியும் குறைந்தன என்று காட்டிற்றேயன்றி, இறப்புக் குறைந்ததென்று காட்டவில்லை. சிறு துளைகளின் வழியே செய்யும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் எளிய முறைகளே போதும். எம்முறை ஏற்றதென்பதை வைத்தியர் துணிக. நோவைத் தணித்தே தீரவேண்டுமென்பதில் இரண்டாம் பேச்சில்லை.

மாணவ நண்பர்காள்! உங்களிற் சிலர் வைத்தியராவீர். எஞ்சியோர் அனைவரும் என்றேனும் ஒருநாள் உற்றாரின் கட்டிலருகே அமர்வீர். அசையாது கிடப்பவரை நோக்கி, நோவில்லையென்று எண்ணிவிடாதீர். "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதை விடுத்து, "ஒருமுறை இருமிப் பாருங்கள், எவ்வளவு வலிக்கிறது?" என்று கேளுங்கள். விடையைச் செவிலியரிடம் உடனே சென்று சொல்லுங்கள்.