அடித்த அதிகாரியே நஷ்டஈடு கட்டட்டும்!

போலீஸ் லாக்கப்பில் ஒரு தொழிலாளி அடிபடுகிறான். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. கடைசியில் நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடுகிறது. கொடுப்பது யார்? சர்க்கார் கஜானா. கஜானாவில் இருப்பது யார் பணம்? சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிற மில் தொழிலாளியின் பணம். விவசாயக் கூலியின் பணம். அடி வாங்குகிறவர்களும் நாம்; அந்த அடிக்குப் பணம் கட்டுகிறவர்களும் நாம்! இது என்ன நியாயம்?

ஒரு காலத்தில் இந்த நஷ்டஈடும் கிடையாது. 1947ல் மீரட் நகரில் ஒரு வியாபாரியைப் பிடித்த போலீஸ், அவரிடமிருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைப் பறிமுதல் செய்தது. வியாபாரி விடுதலையானார், தங்கம் திரும்பவில்லை. ஒரு ஹெட்கான்ஸ்டபிள் அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். போலீஸின் அஜாக்கிரதை உண்மைதான், ஆனாலும் கைதும் பறிமுதலும் அரசின் இறைமை அதிகாரம், ஆகவே சர்க்கார் ஈடு தர வேண்டியதில்லை என்று 1964ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து விதி சுதந்திர நாட்டிலும் செல்லுபடியாயிற்று! இந்த நிலை திருப்தியாக இல்லை, சட்டம் இயற்றுங்கள் என்று அதே கோர்ட் சொன்னது. 1967ல் வந்த மசோதாவோ சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

1987ல் ஒரிஸ்ஸாவில் போலீஸ் காவலில் இருந்த 22 வயது இளைஞனின் பிணம் மறுநாள் ரயில் பாதையில் கிடந்தது. அவனைப் பெற்ற தாய் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 1993ல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவு பிறந்தது. உயிர் வாழும் உரிமையைப் பறித்துவிட்டு, இறைமை என்ற கேடயத்தின் பின்னால் சர்க்கார் ஒளிய முடியாது என்பது நிலைநாட்டப்பட்டது.

அடுத்த படி நமது வாச்சாத்தியில் எடுத்து வைக்கப்பட்டது. 1992 ஜூன் 20ந் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் ரெவின்யூ அதிகாரிகளும் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்தைச் சூறையாடினர். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். ஹைகோர்ட் உத்தரவால் 1995ல்தான் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011ல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோயினர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. 2023ல் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. அதோடு, ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது. நாம் கேட்கும் நியாயம் இதுதான். ஆனால் இதற்கு 31 ஆண்டுகள் ஆயின!

ஏன் இத்தனை தாமதம்? போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிப்பதுதான் முதல் காரணம். ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் புகார் ஆணையங்கள் அமைக்கும்படி 2006ல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் 2013ல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும், போலீஸ் டைரக்டர் ஜெனரலை உறுப்பினராகவும் ஆக்கியது. திருடன் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து!

தொழிலாளர்களே, விவசாயத் தோழர்களே! அடிபட்டவர், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள். அதன் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்று 2021ல் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. தனியாகப் போனால் மிரட்டுவார்கள்; சங்கத்தோடு போங்கள். வாச்சாத்திப் பெண்கள் தனியாக நின்றிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திராது.

புகார் ஆணையத்திலிருந்து போலீஸ் அதிகாரிகள் வெளியேற வேண்டும்! நஷ்டஈட்டைக் குற்றம் செய்த அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும்! இந்தக் கோரிக்கைகள் ஆலைவாசலிலும் சேரித் தெருவிலும் முழங்கட்டும்!