பட்டவராயன் செருப்பும் கால்வாய்க்கரை ஓட்டமும்



காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள், பட்டவராயன் சந்நிதிச் செருப்புகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். நேர்ந்துகொண்டவர்கள் தோல் செருப்பு செய்துகொண்டு வந்து காணிக்கையாகப் போடுவார்கள். மறுவருடம் போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், ராத்திரியில் சாமி அதை மாட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பார்கள். நா. வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை'யைப் படித்தவர்களுக்கும், வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்கும் அதன் பின்னணி தெரியும். பிராமண வீட்டில் பிறந்த பட்டன், பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்வதற்காக, அவர்கள் தகப்பன் வாலப்பகடை கேட்டபடி செருப்புத் தைக்கக் கற்றவன். கடைசியில் மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு மோதிச் செத்து சாமியானவன்.

சாமிக்கே செருப்பு தைத்துக் கொடுக்கும் இந்த மலையடிவாரத்தில், ஓடுகிற பிள்ளைகள் வெறுங்காலில்தான் ஓடுகிறார்கள். இந்த மாத இதழில் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

காரணம் நீங்கள்தான். ஊரடங்குக் காலத்தில் தனியாக இருந்து பழகிக்கொண்ட ஏதாவது ஒன்று இன்னும் உங்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முன்பு ஒரு இதழில் கேட்டிருந்தோம். மாடித்தோட்டம் வரும் என்று நினைத்தோம், வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடிதங்களில் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டம். அதுவும் செருப்பில்லாமல், துணையில்லாமல், நெடுந்தூரம். எனக்கு அது புதிதாக இல்லை. அந்த நாட்களில் நானும் மணிமுத்தாற்றில்தான் ஒதுங்கிக் கிடந்தேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி, 1958-ல் முடித்த அணை. நீர்மட்டம் 118 அடி. நீளமான மண்கரை. அணையிலிருந்து புறப்படும் 80 அடிக் கால்வாய், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்துக் குளங்கள் வரை தண்ணீர் கொண்டுபோக வெட்டியது. அணைக்குப் பக்கத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன். பட்டாலியன் இருக்கிற ஊரில் காக்கி ஆசை சின்ன வயதிலேயே தொற்றிக்கொள்ளும். ஜமீன் சிங்கம்பட்டி, அயன் சிங்கம்பட்டி, ஆலடியூர், வைராவிகுளம் என்று எந்த ஊரில் விடியக்காலம் பஸ்ஸுக்கு நின்றாலும், 'செலக்‌ஷனுக்கு' ஓடுகிற நாலு பேரைப் பார்க்கலாம். முன்பெல்லாம் கூட்டமாக ஓடுவார்கள். பட்டாளத்திலிருந்து வந்த ஒரு மாமா விசில் ஊதுவார், நேரம் பார்ப்பார், பின்தங்குகிறவனை ஏசுவார்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை வந்ததும் அந்த விசில் நின்றது. மைதானத்துக்குப் பூட்டு. ஆனால் அந்தச் செப்டம்பரிலேயே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 10,906 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. டிசம்பர் 13-ல் எழுத்துத் தேர்வும் நடந்தது. அதில் தேறியவர்கள் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது இரண்டாம் அலை. 2021 மே 10 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. உடல்தகுதித் தேர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எந்தத் தேதிக்கு ஓடுகிறோம் என்று தெரியாமல், நேரம் பார்க்க ஆளில்லாமல், ஆளுக்கொரு கரையைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக ஓடினார்கள்.

ஆண்களுக்குத் தேர்வில் கேட்கிற தூரம் 1,500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். ஆனால் கால்வாய்க்கரையில் நான் பார்த்த பையன்கள் அதைப்போல் பல மடங்கு ஓடினார்கள். வெயில் ஏறும் வரை ஓடினார்கள். ஒருவனை நிறுத்தி, இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். "ஆயிரத்தி ஐந்நூறு ஏழு நிமிசத்துல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் வீட்ல போயி என்ன செய்யதுக்கு அண்ணாச்சி?" என்றான். வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை. ஒரு செல்போனில் இரண்டு தங்கச்சிகளுக்கு ஆன்லைன் வகுப்பு. இவன் வெளியே இருந்தால் வீட்டில் கொஞ்சம் இடம் இருக்கும்.

நானும் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்று சொல்வது மிகைதான். வேகமான நடைக்கும் நிதானமான ஓட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. முதலில் ரப்பர் செருப்போடு போனேன். ஒருநாள் வார் அறுந்தது. கடை எதுவும் திறந்திருக்கவில்லை, கையில் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அப்படித்தான் வெறுங்காலுக்கு வந்தேன், கொள்கை எதுவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பையன், "குதிகாலைப் போட்டு இடிக்காதீக அண்ணாச்சி, மெதுவா முன்னங்காலை வையுங்க, எட்டைச் சுருக்குங்க" என்றான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேனும் குழுவினரும் 2010 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. ஷூ போட்டு ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். செருப்பில்லாமலே ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் வைக்கிறார்கள், தரை மோதுகிற அதிர்ச்சி அவர்களுக்குக் குறைவு. அந்த வருடங்களில் மேல்நாடுகளில் வெறுங்காலோட்டம் ஒரு மோகமாகவே ஆனது. வெறுங்காலில் ஓடுவதற்கென்றே, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு ஷூ செய்து விற்றார்கள்! அதனால் உடம்புக்கு நல்லது என்று விளம்பரமும் செய்தார்கள். போதிய ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொன்னார்கள் என்று அமெரிக்காவில் வழக்கு வந்து, 2014-ல் விப்ரம் நிறுவனம் சமரசத்துக்குச் சம்மதித்தது. அதிர்ச்சி குறைவு என்றால் காயமே வராது என்று அர்த்தமில்லை. குதிகாலுக்கு வராத வேலை கெண்டைக்காலுக்குப் போகிறது. எனக்கு அந்தக் கெண்டைக்கால் வலி மாடிப்படி ஏறும்போதெல்லாம் கூடவே வந்தது.

கரையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு மண்ணின் வகை தெரியும். தார்ச்சாலை மே மாதத்தில் காலை ஏழரைக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். பெருங்கால் வாய்க்கால் கரையின் வண்டல் மழைக்குப் பிறகு வழுக்கும், காய்ந்தால் மெத்தென்று இருக்கும். சரளை கொட்டின இடத்தில் வேகம் தானாகக் குறையும். நெருஞ்சி குத்தினால் உட்கார்ந்து பிடுங்கிவிட்டு ஓடலாம். சீமைக்கருவேல முள் ஏறினால் அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. முள் குத்தினால் ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமோ என்று அந்த நாட்களில் எல்லோருக்கும் பயம். அதனால் கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு ஓடினோம். கிலோமீட்டர் கணக்கு யாருக்கும் தெரியாது. மடையை எண்ணி, பாலத்தை எண்ணித்தான் தூரம் சொல்வது. எதிரெதிரே இருவர் வந்தால், ஒருவர் கரைச்சரிவில் இறங்கி நின்று மற்றவருக்கு வழி விட்டார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தவர்கள் அவசரமாக ஏற்றிக்கொண்டார்கள். ஒரு கையசைப்பு, அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பிரான்சில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம்தான் உடற்பயிற்சிக்கு அனுமதி. துலூஸ் நகருக்குப் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டு ஏழு மீட்டர் பால்கனியிலேயே முன்னும் பின்னுமாக ஓடி முழு மாரத்தான் தூரத்தை முடித்தார். ஸ்பெயினில் 2020 மே 2 வரை பெரியவர்கள் ஓடுவதற்காக வெளியே வரவே கூடாது. பாஸ்டன் மாரத்தான் அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக அந்த ஆண்டு ரத்தானது. அவர்களோடு ஒப்பிட்டால் எங்களுக்குக் கிடைத்தது ராஜபோகம்.

ஆனால் பயம் இல்லாமல் இல்லை. கரடி பயம் எப்போதும் உண்டு, மலையடிவாரத்தில் இருட்டோடு தனியாக ஓடுகிறவனுக்கு அது நியாயமான பயம். 2020 ஜூன் கடைசியிலிருந்து வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது. கடையைக் குறித்த நேரத்தில் அடைக்கவில்லை என்று அழைத்துப்போகப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம், எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. ஜீப் சத்தம் கேட்டால் ஓடுகிறவர்கள் கரையிலிருந்து இறங்கி வாழைக்குள் நின்றார்கள். போலீசில் சேர்வதற்காக ஓடுகிற பையன்களும் நின்றார்கள். அவர்களோடு அதைப் பற்றிப் பேச எனக்கு அன்று வாய் வரவில்லை.

வெறுங்காலைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். 1964-ல் டோக்கியோவில் அவரே ஷூ போட்டுக்கொண்டு, இன்னும் வேகமாக ஓடி, மறுபடியும் ஜெயித்தார் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் சிவ்நாத் சிங் இருந்தார். பீகாரில் பிறந்த ராணுவ வீரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது வருடத்துக்கு மேல் எந்த இந்தியரும் அந்த நேரத்தைத் தொடவில்லை. வெறுங்காலில் ஓடியதால்தான் இதெல்லாம் நடந்தது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஷூவும் நல்ல பயிற்சியும் கிடைத்திருந்தால் என்ன ஓடியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடிகர் மிலிந்த் சோமன் வெறுங்காலில் நெடுந்தூரம் ஓடினால் பத்திரிகையில் படம் வரும், வரட்டும். அவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறார். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டி கூலி வேலை பார்த்து வளர்த்த பெண், தொடக்கத்தில் வெறுங்காலில் ஓடியது ஷூ வாங்க வழியில்லாமல். பயிற்சியாளர் கண்ணன் கைகொடுத்த பிறகு, 2021-ல் டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடும்போது அவர் காலில் ஷூ இருந்தது. இரண்டையும் 'வெறுங்காலோட்டம்' என்று ஒரே வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதே 2020-ல் நெடுஞ்சாலைகளில் செருப்பு அறுந்து, தண்ணீர் பாட்டிலை நசுக்கிக் காலில் கட்டிக்கொண்டு நடந்தவர்களும் வெறுங்காலில்தான் போனார்கள். வார்தாவிலிருந்து நாமக்கல்லுக்கு நடக்கத் தொடங்கிய நம் ஊர் இளைஞர் ஒருவர் செகந்திராபாத்தைத் தாண்டவில்லை. பாதத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றி உருகி எழுதிய இரண்டு கட்டுரைகளை இந்த இதழில் சேர்க்காமல் விட்டதற்கு இதுதான் காரணம். எழுதிய நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ஜோடி ஷூ கிடைக்கட்டும். பிறகு கழற்றுவதா வேண்டாமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தனிமையைப் பற்றி வந்த கடிதங்கள் வேறு விதம். அவற்றை அப்படியே போட்டிருக்கிறோம். 2020 ஜூலை 20, ஆடி அமாவாசை. அந்த வருடம் சொரிமுத்து அய்யனாருக்குக் கூட்டமில்லாத அமாவாசை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் ராஜ உடையில் கோயிலில் வீற்றிருந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, இரண்டு மாதம் முன்பு மே 24-ல் காலமாகிவிட்டார். குடில் போட்டுத் தங்க முடியாமல் போன அந்த அமாவாசையன்று, ஆலடியூர் வாசகர் ஒருவர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கரையில் விடியும்வரை ஓடியிருக்கிறார். பாதயாத்திரைக்குப் பதிலாக, என்று எழுதியிருக்கிறார். திருச்செந்தூருக்குச் செருப்பில்லாமல் நடந்து பழகிய ஊர்க்காரர் அதை ஒரு சாதனையாக எழுதவில்லை, நாலு வரியில் முடித்துவிட்டு மழை, தண்ணீர், கார் சாகுபடி என்று போய்விட்டார். அவர் மகள் தனியாக அனுப்பிய கடிதத்திலிருந்துதான் அந்த வருடம் அவர் தம்பியைப் பறிகொடுத்திருந்தார் என்று தெரிந்துகொண்டோம். இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

உடல்தகுதித் தேர்வு ஒருவழியாக 2021 ஜூலை 26-ல் தொடங்கியது. எட்டைச் சுருக்கச் சொல்லிக்கொடுத்த பையன் ஓட்டத்தில் தேறினான், கயிறு ஏறுவதில் விட்டுவிட்டான். கயிறுக்கு மைதானம் வேண்டும், கால்வாய்க்கரையில் கயிறு கட்ட மரம் தோதுப்படவில்லை என்றான். இப்போது கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிறான், ஷூ வாங்கிவிட்டான்.

இதழைப் படித்துவிட்டு நாளைக் காலையே செருப்பைக் கழற்றப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சர்க்கரை இருப்பவர்கள் கண்டிப்பாக வேண்டாம், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதே தெரியாது. மற்றவர்கள் கொஞ்ச தூரத்தில் ஆரம்பியுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாஞ்சோலைச் சாலையில் ஓடுகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது புலிகள் காப்பகம், வனத்துறை செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்புவதும் சரிதான்.

அடுத்த இதழ் குளங்களைப் பற்றியது. உங்கள் ஊர்க் குளத்துக்கரையில் இன்றைக்கு யார் நடக்கிறார்கள், யார் ஓடுகிறார்கள், யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். படமும் அனுப்பலாம். பாதத்தின் படம் மட்டும் வேண்டாம், இந்த முறையே தேவைக்கு மேல் வந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்