கொம்பே காட்டின் பதிவேடுகள்: போர் இயற்கையானதா?

2025 ஒக்டோபர் 1 ஆம் திகதி சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடோல் தனது 91 ஆவது வயதில் காலமானார். அடுத்த மாதம் உகண்டாவின் கிபாலே காட்டிலிருந்து ஓர் ஆய்வு முடிவு வெளியானது. அங்குள்ள ங்கோகோ சிம்பன்சிக் குழு, பத்து ஆண்டுகளில் அயல் குழுக்களைச் சேர்ந்த குறைந்தது 21 சிம்பன்சிகளைக் கொன்று, 2009 இல் தன் எல்லையை 22 வீதத்தால் விரித்தது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அக்குழுவில் 15 குட்டிகள் பிறந்தன. பிந்திய மூன்று ஆண்டுகளில் 37. மூன்று வயதுக்குள் இறந்த குட்டிகளின் வீதம் 41 இலிருந்து 8 ஆகக் குறைந்தது.

இத்தகைய செய்திகளிலிருந்து 'போர் உயிர்களின் இயல்பு' என்ற முடிவுக்குச் சிலர் உடனே தாவிவிடுகிறார்கள். போரைக் கடந்து வந்த நாங்கள் அந்த முடிவை அவ்வளவு எளிதாக ஏற்கலாமா?

தன்சானியாவில் தங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள கொம்பேயில் குடோல் 1960 இல் ஆய்வைத் தொடங்கினார். சிம்பன்சிகளுக்கு இலக்கம் இடாமல் பெயர் வைத்தார். 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த குழு கசகெலா, கஹாமா என இரண்டாகப் பிரிந்தது. 1974 ஜனவரியில் தனியாக இருந்த கோடி என்ற கஹாமா ஆணைக் கசகெலா ஆண்கள் சூழ்ந்து தாக்கினர். அதைக் கண்டு பதிந்தவர் ஹிலாலி மத்தாமா என்ற தன்சானியக் களப்பணியாளர். ஒரு காலத்தில் ஒன்றாகத் திரிந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்த சிம்பன்சிகள் அவை. நான்கு ஆண்டுகளில் கஹாமா குழுவே இல்லாமல் போனது.

இதற்கிடையே 1975 மே மாதம், ஏரிக்கு அப்பாலிருந்த சயரிலிருந்து வந்த சுமார் 40 ஆயுததாரிகள் முகாமிலிருந்து நால்வரைக் கடத்திச் சென்றனர். நால்வரும் பின்னர் விடுவிக்கப்பட்டனர். ஆனாலும் வெளிநாட்டு மாணவர்கள் கொம்பேயை விட்டு வெளியேறினர். பதிவு நிற்கவில்லை. உள்ளூர்க் களப்பணியாளர்கள் யார், எங்கே, யாருடன் என்று நாள்தோறும் எழுதிக்கொண்டே இருந்தனர். அந்த நான்காண்டு மோதலின் பிற்பகுதியை உலகம் அறிந்தது பெரும்பாலும் அவர்களால்தான்.

அப்பதிவுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்த 2018 ஆம் ஆண்டின் ஆய்வொன்று, பிளவு நடந்த காலத்தில் மூன்று முன்னணி ஆண்களுக்கிடையே அதிகாரப் போட்டி நிலவியதைக் காட்டியது. அதாவது சிம்பன்சிகளின் மோதலுக்கும் ஒரு காலமும் காரணமும் இருந்தன. 'இரத்தத்தில் ஊறியது' என்ற ஒற்றை வரி அதை விளக்கப் போதாது.

கொலைகளுக்கு மனிதர்கள் கொடுத்த வாழைப்பழமே காரணம் என்ற வாதமும் இருந்தது. 2014 இல் 18 சிம்பன்சிக் குழுக்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்த ஆய்வு அதை ஏற்கவில்லை. அது கணக்கிட்ட 152 கொலைகளில் நேரில் கண்டவை 58, தடயங்களால் தீர்மானித்தவை 41, சந்தேகத்துக்குரியவை 53 எனத் தனித்தனியே பிரித்திருந்தது. எங்களுக்கு அதேயளவு நெருங்கிய உறவான பொனோபோக்களின் நான்கு குழுக்களிலோ, சந்தேகத்துக்குரிய ஒரேயொரு கொலைதான்.

ஆகவே இயற்கை எங்களுக்கு ஒரு வழியை மட்டும் எழுதி வைக்கவில்லை. விளக்கம் வேறு, நியாயம் வேறு. சிம்பன்சியிடம் கணக்குக் கேட்க முடியாது. கட்டளையிட்ட மனிதரிடம் கேட்கலாம்.

அப்படிக் கேட்பதற்குப் பதிவு வேண்டும். 2025 இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது குடோல் நிறுவனத்தின் தன்சானியத் திட்டமும் பாதிக்கப்பட்டது. அந்த நாட்குறிப்புகள் இல்லாதிருந்தால் கோடி வெறுமனே காணாமல்போன ஒரு சிம்பன்சியாகவே இருந்திருக்கும்.