தனுஷ்கோடியின் கதையைச் சொல்வது யார்?

ராமேஸ்வரத்தில் இருந்து தினமும் பஸ்களும் வேன்களும் கிழக்கே போகின்றன. இரண்டு பக்கமும் கடல். நடுவே தார் ரோடு. சுமார் 12 மைல் போனால் இடிந்த சுவர்கள் தெரிகின்றன. அதுதான் தனுஷ்கோடி.

வண்டி நிற்கிறது. ஜனங்கள் இறங்குகிறார்கள். இடிந்த மாதா கோவில் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். சங்கும் சிப்பி மாலையும் வாங்குகிறார்கள். மறுபடியும் வண்டி ஏறி விடுகிறார்கள்.

"இந்தச் சுவர் ஏன் இடிந்தது, அப்பா?" என்று குழந்தை கேட்கிறது.

"புயலில் இடிந்தது" என்கிறார் தந்தை. அதோடு சரி! அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. சொல்வதற்கு அங்கே ஆளும் இல்லை.

இது போதுமா? போதாது. கதை தெரியாதவனுக்கு அது வெறும் செங்கல். கதை தெரிந்தவனுக்கு அது ஓர் ஊர்.

இரு நாடுகளின் வாசல்

தனுஷ்கோடி ஒரு காலத்தில் இரு நாடுகளுக்கு வாசலாக இருந்தது. 1914-ம் ஆண்டு பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சென்னை எழும்பூரில் ரெயில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கினார்கள். அங்கே கப்பல் ஏறி அக்கரையில் உள்ள தலைமன்னாருக்குப் போனார்கள். அங்கிருந்து மறுபடியும் ரெயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். அந்த ரெயிலுக்கு "போட் மெயில்" என்று பெயர்.

ரெயில் நிலையம், சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோவில் எல்லாம் தனுஷ்கோடியில் இருந்தன. ஊர் எப்போதும் கலகலப்பாக இருந்தது.

அந்த இரவு

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி. நள்ளிரவு. கடும் புயல் அடித்தது. பாம்பனில் இருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரெயில் தனுஷ்கோடியை நெருங்கியது. அப்போது பேரலை எழுந்தது. ரெயிலைக் கடல் வாரிக் கொண்டது! அதில் இருந்த நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர்.

விடிந்தபோது ஊர் இல்லை. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களையும் அலை அடித்துக் கொண்டு போயிருந்தது. அந்தப் பாலத்தை ஸ்ரீதரன் என்ற என்ஜினீயரின் தலைமையில் 46 நாட்களில் சரி செய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரெயில் திரும்பி வரவில்லை. மக்கள் குடியிருக்க ஏற்ற இடம் அல்ல என்று அரசாங்கம் அறிவித்து விட்டது.

அப்படியும் சில மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. ஓலைக் குடிசை போட்டன. கடலை நம்பி இன்றும் அங்கே வாழ்கின்றன.

பேய்க் கதை எதற்கு?

இத்தனை பெரிய கதை இருக்கும்போது, அங்கே பேய் உலவுகிறது என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு. கேட்பவர்களும் ஆவலோடு கேட்கிறார்கள். மாண்டவர்கள் யாருடைய தாய்? யாருடைய பிள்ளை? அவர்களைப் பேயாக்கிப் பேசுவது நியாயமா?

உண்மைக் கதையைச் சொல்லத் தகுந்தவர்கள் அந்த மீனவர்களே. அங்கே ஒரு பக்கத்துக் கடல் அமைதியானது. அதைப் "பெண் கடல்" என்கிறார்கள். மறுபக்கத்துக் கடல் சீறுவது. அதை "ஆண் கடல்" என்கிறார்கள். உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள் பெண்கள். ஓர் அம்மாள் ஊற்றுத் தோண்டிக் காட்டி, ஒரு கை தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் போதும். அந்தக் குழந்தை ஆயுள் முழுவதும் தனுஷ்கோடியை மறக்காது.

துக்கத்தை விற்பதா?

"செத்தவர்கள் கதையைச் சொல்லிக் காசு வாங்குவதா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் வியாபாரம் இப்போதே நடக்கிறது. வண்டிக்குக் காசு. சிப்பிக்குக் காசு. உண்மைக்கு மட்டும்தான் அங்கே இடம் இல்லை. பொய் சொல்லிப் பிழைப்பதுதான் தவறு. நடந்ததை நடந்தபடி சொல்வது, மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஜப்பானில் ஹிரோஷிமா நகரம் வழி காட்டுகிறது. 1945-ல் அங்கே அணுகுண்டு விழுந்தது. தப்பிப் பிழைத்தவர்கள், தாங்கள் கண்டதைப் பார்வையாளர்களுக்குச் சொல்லி வந்தார்கள். அவர்களுக்கு வயதாகி விட்டது. எனவே அவர்கள் கதையைக் கேட்டுக் கற்று, பிறருக்குச் சொல்ல மற்றவர்களைப் பழக்கும் ஏற்பாட்டை 2012-ல் அந்த நகரமே தொடங்கியது. அதைத் துக்க வியாபாரம் என்று யார் சொல்வார்கள்?

நாள் இல்லை

தனுஷ்கோடிக்கும் அதுவே தேவை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சிலரைப் பழக்கலாம். மாதச் சம்பளம் கொடுக்கலாம். ரெயில் நிலையச் சுவர் அருகே அரை மணி நேரம் கதை சொல்லச் செய்யலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் புரிந்து கொள்ளும்படி பெரிய எழுத்தில் பலகை வைக்கலாம். இதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம். பெரிய செலவும் வேண்டாம்.

ஆனால் தாமதம் கூடாது. புயலின்போது 10 வயதாக இருந்தவர்கள் இன்று 70 வயதைத் தாண்டி விட்டார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்து விட்டது. மக்கள் போவது எளிதாகி விட்டது. போகிறவர்கள் சங்கோடு மட்டும் திரும்பக் கூடாது. அந்த ஊரின் கதையோடும் திரும்ப வேண்டும். அலை ஊரைக் கொண்டு போய் விட்டது. கதையையும் கொண்டு போக விடலாமா?