பட்டா இல்லாத ஊர்கள்

"உனக்கு எந்த ஊர்?" பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த மாணவர் ஒருவர் கேட்டார். "ரந்தாவ்" என்றேன். அது முழு உண்மையன்று. ரந்தாவ் பட்டணத்திலிருந்து உள்ளே பிரிந்து போகும் செம்மண் சாலையின் கோடியில் இருந்த ஒரு தோட்டம்தான் என் பாட்டி பிறந்து, பால்மரம் சீவி, ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஊர். அதன் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது என்பதால் பட்டணத்தின் பெயரைச் சொன்னேன். நெகிரி செம்பிலானிலிருந்து வந்திருக்கும் உங்களில் பலரும் இப்படித்தான் "சிரம்பான்" என்றும் "போர்ட்டிக்சன்" என்றும் "பகாவ்" என்றும் சொல்லிக் கொண்டிருப்பீர்கள்.

தோட்டம் என்றால் வேலை செய்த இடம், வறுமையை விட்டு ஓடிவந்த இடம் என்றே நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தோட்டம் ஓர் ஊர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் மண்டோர் பெயர் கூப்பிடுவதில் தொடங்கி, பால் நிறுத்துக் கிராணி கணக்கெழுதுவது, ஆயாக் கொட்டகையில் தொட்டில் கட்டிவிட்டுப் போன குழந்தைகள், மாலையில் கள்ளுக்கடை, ஆண்டுக்கொரு முறை மாரியம்மனுக்குத் தீமிதி என்று அதற்கென ஒரு வாழ்க்கைமுறை இருந்தது. பள்ளியும் அங்கேயே இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் கிராணியே வாத்தியார், கொட்டகையே வகுப்பறை. இருந்தும் அங்கே தமிழ் நின்றது. சாதி பார்த்து லயம் ஒதுக்கிய கதையும் இதே ஊர்களில்தான் நடந்தது. பெருமையை எழுதுகிறவர்கள் அதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்த ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது லயங்கள் காலியாயின. என் பாட்டியின் தகப்பனார் அப்படிப் போனவர், திரும்பவில்லை. 1948-இல் அவசரகாலம் வந்தது. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதும் துண்டாடல் வந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது. 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்ட பின் நீலாய், லாபு வட்டாரத்தில் மரங்கள் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன.

ஆனால் மற்ற எந்தச் சமூகமும் இத்தகைய மாற்றங்களைச் சந்திக்கவில்லையா? பக்கத்து வீட்டைப் பாருங்கள். ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் வாழும் மினாங்கபாவ் மக்களும் சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. அவர்களுடைய அடாட் பெர்ப்பத்தே முறையில் பூர்வீக நிலம் தாய்வழியாக மகளுக்குப் போகும். குலத்துக்கு வெளியே விற்க முடியாது. பிரிட்டிஷ் ஆட்சி 1909-இல் இந்த வழக்கத்தைச் சட்டமாகவே பதிவு செய்தது. ஆண்கள் பிழைப்புக்காக எங்கே போனாலும் நிலமும் வீடும் ஊரில் பெண்கள் பெயரில் இருக்கின்றன. திரும்பிவர இடம் இருப்பதால் அந்தப் பண்பாடும் இருக்கிறது.

நம் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக மரம் சீவியவர்கள்தாம். என் பாட்டி முப்பத்திரண்டு ஆண்டுகள் சீவினார். அவர் பெயரில் ஒரு சாண் நிலம் இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். கோயிலும் பள்ளியும் கம்பெனி நிலத்தில், துரையின் வாய்ச் சொல்லை நம்பிக் கட்டப்பட்டவை. தோட்டம் கைமாறியதும், நூறாண்டுக் கோயில் ஒரே நாளில் "அனுமதியற்ற கட்டடம்" ஆகிவிடுகிறது. (நிலத்தின் அருமை தெரிந்த தமிழர்கள் இல்லாமலில்லை. 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு, செட்டியார்களிடம் அடகு வைத்த நிலங்கள் கைமாறிவிடும் என்ற அச்சமும் ஒரு காரணம். அந்தத் தமிழர் வேறு, பால்வாளி தூக்கிய தமிழர் வேறு.)

இதை ஒருவர் அன்றே உணர்ந்தார். துண்டாடலைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் முதல் தோட்டம். இன்று அந்தச் சங்கத்தை நம்மில் எத்தனை பேர் ஒரு கட்டடத்தின் பெயராக மட்டும் அறிந்திருக்கிறோம்?

நம் மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கலைவிழாவும் நடத்துகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லின்சம், சுவா பெத்தோங், கெர்பி, பிரட்வால் என்று தோட்டப் பெயர்களைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு விடுமுறையில் போய், இந்தப் பள்ளி யார் நிலத்தில் நிற்கிறது, பக்கத்துக் கோயிலுக்குப் பட்டா உண்டா, அந்த லயங்களில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுவது நம்மால் முடியாத காரியமா? சட்டம் படிக்கும் நண்பர்கள் நில அலுவலகத்தில் தேடலாம். வரலாறு படிப்பவர்கள் கிழவிகளிடம் உட்காரலாம். இரண்டாவது வேலை அவசரமானது. அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலின் தகரப் பெட்டி இப்போது என் சித்தப்பா வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்குத் திறந்து பார்த்தேன். 1957 முதல் திருவிழா வசூல் கணக்கு, யார் எத்தனை காசு கொடுத்தார்கள் என்று ஆள்வாரியாக, கிராணியின் மணிமணியான கையெழுத்தில். பாட்டியின் பெயருக்கு நேரே ஒரு வெள்ளி. பெட்டியின் அடிவரை துழாவினேன். நிலத்தைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.