எலியும் பப்பாசியும் தலைப்புச் செய்தியும்

கர்ப்பிணிப் பெண் பப்பாசி உண்ணலாகாது என்பது நமது வீடுகளில் தலைமுறைகளாக வழங்கிவரும் விலக்கு. தமிழகத்தில் பப்பாளி என்பார்கள், விலக்கு ஒன்றுதான். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியோரும் உண்டு, முன்னோர் வாக்குப் பொய்க்காது என்று வாதிட்டோரும் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் அதனை எலிகளில் சோதித்துப் பார்த்து, 2002 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர்.

கருவுற்ற எலிகளுக்குப் பழுத்த பப்பாசியின் சாறு கொடுக்கப்பட்டது. கரு பதிந்த இடங்களின் எண்ணிக்கையிலோ, உயிரோடிருந்த குட்டிக் கருக்களின் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. காயிலிருந்து வடியும் பாலோ வேறுவிதமாக நடந்துகொண்டது. எலியிலிருந்து பிரித்தெடுத்த கருப்பைத் தசையில் அதனை இட்டபோது, பிரசவத்தைத் தூண்ட வைத்தியசாலைகளில் ஏற்றும் ஒட்சிரோசின் உண்டாக்குவதைப் போன்ற சுருக்கம் ஏற்பட்டது. ஆக, பாட்டிமாரின் விலக்கு பழத்தைப் பொறுத்தவரை மிகையாக இருக்கலாம். காயைப் பொறுத்தவரை காரணமற்றதல்ல.

இதைப் பத்திரிகை எப்படித் தலைப்பிடும்? ஆசிரியபீடத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: "பப்பாசி கருவைக் கலைக்கும்: ஆய்வில் உறுதி!" முதலில் வெட்டுப்படும் சொல் 'எலி'. அடுத்தது 'பால்'. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

செவ்வரத்தம்பூவுக்கும் இதே கதிதான். 1970களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அப்பூவின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துக் கருத்தடை விளைவு உண்டா என்று ஆராய்ந்தார்கள். அந்தச் சாரம் பென்சீனில் வடிக்கப்பட்டது. நாம் வெந்நீரில் இட்டுக் குடிக்கும் பூவுக்கும் அதற்கும் எவ்வளவோ தூரம். மேலும், எலியின் கரு கருப்பையில் பதிவதற்கு அந்நேரத்தில் ஈஸ்ரோஜன் சற்றே உயர வேண்டும். எல்லாப் பாலூட்டிகளுக்கும் அந்தத் தேவை இல்லை. அந்த ஓமோனைத் தடுக்கும் ஒரு மூலிகை எலியில் வென்றுவிட்டது என்பதால் பெண்ணிலும் வெல்லும் என்று எண்ணுவதற்கில்லை.

வெறும் தலைப்புத் தவறுதானே என்று இதனைக் கடந்துவிட முடியவில்லை. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையில் உள்ளது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்புக்கு அது இடமளிப்பதில்லை. வைத்தியரிடம் வாய்திறக்க அஞ்சும் ஒரு பெண், இரவில் கணினித் திரையில் 'பப்பாசி' என்று தேடுகிறாள். அவள் கண்ணில் படுவது நமது தலைப்பு. எவ்வளவு பால், எத்தனை தடவை என்று அதில் இல்லை. இருக்கவும் முடியாது, பெண்ணொருத்திக்குரிய அளவை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. மறுபுறத்தில், பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியர், சினைமுட்டைப்பையை ஏதோவொரு வேர் ஊக்குவித்தது என்ற எலிச் செய்தியை நம்பி மாதக்கணக்கில் கஷாயம் குடித்துக் காலத்தை இழக்கிறார்கள்.

மூலிகை ஆராய்ச்சி வேண்டாம் என்பவன் அல்லன் நான். செடியின் எந்தப் பகுதி, எதில் வடித்தது, எவ்வளவு கொடுத்தது, எந்த விலங்குக்கு? இந்த நான்கையும் இடமில்லை என்று வெட்டும் உதவி ஆசிரியர், செய்தியையே சேர்த்து வெட்டிவிடலாம்.